பயப்படச் சொன்னவர்

ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பொலிஸுக்குப் போனாலும், கடலில் காற்று மாறினாலும் நமக்கு முதலில் கிடைப்பது ‘பயப்படாதீங்க’ என்ற சொல்தான். சொல்கிறவருக்கு அதில் ஒரு செலவும் இல்லை. எங்கள் கரையோர ஊரான ஆலங்குடாவுக்குப் பெயிண்ட் பார்க்க வந்த மிஸ் மட்டும் அதைச் சொல்லமாட்டார். “பயப்படுங்க” என்பார். சாப்பிடுங்க, இருங்க என்று சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொல்வார். முதலில் சிரித்தோம். பிறகு கோபம் வந்தது. கொஞ்ச நாளில் அவருடைய வேன் சத்தம் கேட்டாலே நான் ஓடிப்போய் மகளின் வாயைத் துடைக்கத் தொடங்கினேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டுக் கதவு, ஜன்னல், சுவர்களில் பூசிய பெயிண்டில் ஈயம் இருக்கிறதா, மூளையைக் கெடுக்கும் அந்த நஞ்சு சின்னப் பிள்ளைகளின் உடம்புக்குள் போகிறதா என்று பார்க்க ஒரு திட்டம் வந்தது. அதில் வேலை செய்தவர் அவர். உடப்புப் பக்கத்துத் தமிழ்ப் பெண், நாற்பதைத் தாண்டியிருப்பார். தன் பெயரைச் சொல்லித்தான் அறிமுகமானார், ஆனால் எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீளப் பாவாடை கட்டியிருப்பார். முழங்கால் வரும் இடம் இரண்டும் தேய்ந்து வெளிறிக் கிடக்கும். கையில் எப்போதும் ஈரத்துணி ஒன்று இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றுவது எல்லோரும் செய்வதுதான். அவர் அதற்கு மேல் உள்ளங்காலையும் அந்தத் துணியால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒரு வீட்டுத் தூசியை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதாம்.

முதல் நாள் அவர் எங்கள் முற்றத்துக்குள் நுழைந்தபோது என் மாமி உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மாமி என்றால் என் கணவரின் உம்மா. தொண்ணூறில் இயக்கத்தார் துவக்கோடு வந்து மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் போகச் சொன்னபோது, நாலு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கடல் வழியாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர். மிஸ் கையில் இருந்த மெஷினைக் கண்டதும் சுளகைப் போட்டுவிட்டு, என் மகளைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்.

“அந்தப் பொம்புளட கையில துவக்கு இரிக்கி மகள்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

உண்மையில் அது துவக்கைப் போலத்தான் இருந்தது. பிடியும் விசையும் மூக்கும் அச்சொட்டாக அப்படியே. அந்த மூக்கைப் பெயிண்டில் வைத்து விசையை அழுத்தினால், அடியில் ஈயம் எவ்வளவு என்று பின்னாலுள்ள சின்னத் திரை காட்டும். வேன் ஓட்டி வந்தவர் இதையெல்லாம் விளக்கி, பயப்பட ஒன்றுமில்லை என்று சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். மிஸ் அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார். மெஷினை மணலில் வைத்துவிட்டு அதற்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்.

“அவங்க பயப்படுறது சரிதானே. வெளிய வரட்டும், நான் இருக்கிறன்” என்றார்.

வெயில் ஏறியும் எழும்பவில்லை. மாமிக்கு ஒரு கட்டத்தில் வெட்கமாகிவிட்டது. கதவைத் திறந்து வந்து, அது சுட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். “சுவர் உண்மையைச் சொல்லும் அம்மா” என்று மிஸ் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் அவர் அந்த மெஷினைக் கையில் பிடித்து நடந்ததைக் காணவில்லை. குழந்தைகளுக்கு வாங்கும் மஞ்சள் துவாய் ஒன்றில் சுற்றி ஓலைப் பைக்குள் வைத்துக் கொண்டுவருவார், என்னவோ பிறந்த பிள்ளையைத் தூக்கி வருவதைப் போல.

வீட்டுக்குள் வந்ததும் மெஷினை எடுக்கமாட்டார். தரையில் குப்புறப் படுத்துக்கொள்வார். சீமெந்துத் தரையில் கன்னத்தை வைத்து வீட்டை ஒருமுறை கீழேயிருந்து பார்ப்பார். பிறகு முழங்காலில் எழும்பி மெல்ல நகர்வார். மிஸ் தவழுறா என்று வாசலில் நிற்கும் பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். பிள்ளை எதைப் பிடித்து எழும்பும், கோபம் வந்தால் எந்த மூலைக்குப் போகும், தனியாக விட்டால் எதை வாயில் வைக்கும் என்று கேட்பார். எங்கள் வீடுகளைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். எத்தனை பேர் இருக்கிறீர்கள், எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், திரும்பிப் போவீர்களா என்று. பிள்ளை எங்கே நின்று அழும் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

ஆண்களைப் பயப்பட வைக்கத்தான் அவர் பெரிய பாடுபட்டார். ஈயம் என்றால் எங்கள் ஆண்களுக்கு வலையில் கோக்கும் மணி. தூண்டில் கயிற்றில் அந்த ஈயத்தைப் பல்லால் கடித்துத்தான் இறுக்குவார்கள். என் கணவரும், மகளின் வாப்பா, சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அவர் பல்லைக் காட்டி, நான் இன்னும் மௌத்தாகவில்லையே மிஸ், உயிரோடுதானே இருக்கிறேன் என்று பகிடி விட்டார். கரையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

மிஸ் சிரிக்கவில்லை. “உங்கட உடம்பு கட்டி முடிஞ்ச வீடு. மகளுக்கு இப்பதான் அத்திவாரம் போடுது. ஈயம் கடிச்ச வாயால அவளைக் கொஞ்சாதீங்க” என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. அன்று மாலை மகளின் வாப்பா கிணற்றடியில் வெகுநேரம் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தும் பார்க்காதவள் போல இருந்தேன்.

இனி எங்கள் ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் மகளின் வாப்பா மன்னாருக்குப் போய்த் தன் வாப்பாவின் வீட்டைப் பார்த்தார். கூரை இல்லை, கிணறு மூடிக் கிடந்தது, அறைகளுக்குள் காடு வளர்ந்திருந்தது. ஒரு சுவரும் அதில் ஒரு பாலை மர ஜன்னலும்தான் மிச்சம். அவர் அந்த ஜன்னலைக் கழற்றி மீன் லொறியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் ஒழுங்கையில் அப்போது பலர் அப்படிச் செய்தார்கள். ஒருவர் கதவைக் கொண்டுவந்தார், இன்னொருவர் நிலையைக் கொண்டுவந்தார். காணியைக் கொண்டுவர முடியாதே. கடல் தெரியும் பக்கத்துச் சுவரை உடைத்து ஜன்னலைப் பொருத்தினார். மீன்பிடி போட்டுக்கு அடித்து மிஞ்சும் பெயிண்டை வீட்டுக்கு அடிப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம், ஆகவே அதற்கு நீலம் அடித்தார். நீலம் உரிந்த இடங்களில் அடியிலிருந்த பழைய பச்சை தெரியும். அது அவருடைய வாப்பா தன் கையால் அடித்த பச்சை. மாமி போகும்போதும் வரும்போதும் அந்த இடத்தைத் தொட்டுவிட்டுப் போவார்.

மகள் அப்போதுதான் பிடித்து நிற்கப் பழகியிருந்தாள். விடியக் கடலுக்குப் போன வாப்பாவைப் பார்க்க அந்த ஜன்னலில் போய் நிற்பாள். அடிக்கட்டை சரியாக அவள் வாய் உயரம். போட் வரும்வரை அதைச் சப்பிக்கொண்டிருப்பாள். கட்டையில் அவளுடைய பால் பல்லின் தடங்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. எனக்கு அதைப் பார்க்க ஆசையாக இருக்கும். பக்கத்து வீட்டாரைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறேன்.

மிஸ் தவழ்ந்து வந்து அந்தத் தடங்களுக்கு நேரே நின்றார். தொடவில்லை. வெகுநேரம் பார்த்தார். பிறகுதான் துவாயை விரித்து மெஷினை எடுத்தார். திரையில் வந்ததை எனக்குக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்ததே போதுமாக இருந்தது.

“முதல்ல மகள்ட வாயைக் கழுவிட்டு வாங்க” என்றார். கழுவிக்கொண்டு வந்தேன்.

“பயப்படுங்க தங்கச்சி. நல்லாப் பயப்படுங்க. ஆனா சுரண்டாதீங்க.”

சுரண்டினால் ஒரு கட்டையில் இருப்பது தூளாகி வீடு முழுக்கப் பரவும், பாயில் படியும், சோற்றில் விழும் என்று விளக்கினார். பெயிண்ட் உரிந்து விழுந்ததை ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், விளக்குமாற்றால் கூட்டக் கூடாது. ஜன்னலை முறையாகக் கழற்ற ஆளோடு வருவதாகச் சொன்னார். கழற்றுவது என்ற சொல்லைக் கேட்டதும் மகளின் வாப்பா எழும்பிவிட்டார். வாப்பாவின் வீட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான், அதைத் தரமுடியாது என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். கடைசியில் தடித்த பொலித்தீனால் ஜன்னலை மூடி ஆணி அடிப்பது என்று முடிவாகியது. மகள் அந்தப் பொலித்தீனைப் பிடித்துக்கொண்டு நின்று மங்கலாகத் தெரிந்த கடலைப் பார்த்தாள்.

நோன்புப் பெருநாள் நெருங்கியது. பெருநாளுக்கு முன் பழைய பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிப்பது எல்லா வீட்டிலும் நடப்பது. உடைந்த கண்ணாடித் துண்டும் உப்புத்தாளும்தான் ஆயுதம். அந்த வருடம் வழக்கத்தோடு பயமும் சேர்ந்துகொண்டது. பெயிண்டில் நஞ்சு இருக்கிறது என்று மிஸ் சொன்னது எல்லோருடைய மனத்திலும் பதிந்திருந்தது, சுரண்டாதீங்க என்று சொன்னது பதியவில்லை. அசுத்தம் பட்டால் கழுவி நீக்க வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். நஞ்சை வீட்டில் வைத்துக்கொண்டு எப்படிப் பெருநாள் கொண்டாடுவது? ஒரு வீட்டில் தொடங்கினார்கள், அடுத்த வீடு அதைப் பார்த்தது.

நான் உடுப்புத் துவைக்கக் கிணற்றடிக்குப் போயிருந்தேன். திரும்பும்போது ஒழுங்கை முழுக்க ஒரே கரகரப்பு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தூள். எங்கள் வீட்டிலிருந்தும் அந்தச் சத்தம் வந்தது. நான் ஓடினேன்.

மகளின் வாப்பா பொலித்தீனைப் பிய்த்து எறிந்துவிட்டு, ஜன்னலை வெறும் மரம் தெரியுமளவுக்குச் சுரண்டிக்கொண்டிருந்தார். நஞ்சு போய்விட்டால் ஜன்னலைக் கழற்ற வேண்டியதில்லை என்று நினைத்திருக்கிறார். மாமி மூலையில் உட்கார்ந்து, உரிந்து விழும் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய இமை மயிரில் பச்சைத் தூள் படிந்திருந்தது.

நான் கத்தினேனா, இல்லையா என்று எனக்கு நினைவில்லை. பின்னால் வேன் நின்ற சத்தம் கேட்டது. மிஸ் செருப்புக் காலோடு உள்ளே வந்தார். அவர் அப்படி வந்தது அன்றைக்கு மட்டும்தான். ஒருவரோடும் பேசவில்லை. பிள்ளையின் மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடித் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். தலையிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினார். மகள் வீறிட்டு அழுதாள். அழுகிற பிள்ளையை வைத்திருந்த அவருடைய கைகள் நடுங்குவதை நான் அப்போதுதான் கண்டேன். அதுவரை எனக்கு இருந்தது ஒரு பயம். எங்களுக்குப் பயத்தைச் சொல்லித்தந்த ஆளே நடுங்குவதைப் பார்த்ததும் அது வேறொன்றாகிவிட்டது.

பிறகு அவர் வீடு வீடாகப் போய் சுரண்டுவதை நிறுத்தினார். ஏசவில்லை. வாளியும் துணியும் கொண்டுவரச் சொன்னார். ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் நோன்போடு முழங்காலில் நின்று துடைத்தோம். மிஸ் எங்களோடு நின்று எங்கள் வீட்டைத் துடைத்தார். நோன்பு திறக்கும் நேரம்வரை அவரும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை.

மகளின் வாப்பா தலையில் கைவைத்து வாசலில் இருந்தார். “சுத்தமாக்கத்தான் மிஸ் நெனச்சன்” என்றார்.

“ஓம். எல்லாரும் அதுக்குத்தான் சுரண்டுறது.”

துணியைப் பிழிந்துகொண்டே, என்னைப் பாராமல், அவர் இன்னொன்றும் சொன்னார். “என்ட தம்பி வீட்டுல நான் ‘பயப்படாதீங்க, சின்னப் பிரச்சினைதான்’ எண்டு சொல்லிட்டு வந்தன். பயமில்லாமச் சுரண்டினான். அவன்ட மகனை இப்ப பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டான், தங்கச்சி.”

அடுத்த நாளே ஜன்னல் போயிற்று. மகளின் வாப்பா தானே கழற்றித் தந்தார். தண்ணீர் தெளித்து நனைத்தார்கள், வெள்ளைச் சீலையில் சுற்றினார்கள், மேலே பொலித்தீன் கட்டினார்கள். முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாகத் தூக்கி வெளியே கொண்டுபோனபோது, பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டார்கள். மாமி ஏதோ ஓதினார். சுவரில் இருந்த ஓட்டையைத் தகரத்தால் அடைத்தோம். மறுநாள் விடிய மகள் தகரத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

மகளின் இரத்தத்தை எடுக்கும்போது மிஸ்தான் அவளை மடியில் வைத்திருந்தார். அது கொழும்புக்குப் போய் முடிவு வரவேண்டும். பெருநாள் வந்தது, போனது. நான் வட்டிலப்பம் செய்தேன், அதன் ருசி எனக்குத் தெரியவில்லை. நான் செய்துகொண்டிருந்ததெல்லாம் ஒரே வேலை. மகளுக்குப் பின்னால் போய் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். திரும்பிப் பார்ப்பாள். அடுப்படிக்குப் போய்விட்டு வந்து இன்னொருமுறை கூப்பிடுவேன். சில நேரம் விளையாட்டு மும்முரத்தில் திரும்பமாட்டாள். அந்த ஒரு கணத்தில் எனக்கு உயிர் போய் வரும். மாமிக்குத் தெரியாமல் நானும், எனக்குத் தெரியாமல் மகளின் வாப்பாவும் அதைச் செய்துகொண்டிருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

முடிவோடு மிஸ் வந்த நாளில் அவரிடம் ஓலைப் பை இல்லை. காலைத் துடைத்தார், உள்ளே வந்தார், கதிரையில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அவர் கதிரையில் உட்கார்ந்ததே கிடையாது. பிளேன்டீ கொடுத்தேன். குடிக்காமல் கோப்பையைக் கையில் வைத்திருந்தார். மகள் தகரத்தடியில் ஒரு சிரட்டையை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“பயப்படாதீங்க தங்கச்சி” என்றார்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வீட்டில், எத்தனை பேர் கெஞ்சிக் கேட்டும் அவர் சொல்லாத சொல் அது. இவ்வளவு காலம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்ததை எனக்கு எடுத்துத் தருகிறார் என்றால், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்.

“அதச் சொல்லாதீங்க மிஸ்” என்றேன். “எனக்கு அது வேணாம். மத்தவங்களுக்கு என்ன சொல்லுவீங்களோ, அதையே எனக்கும் சொல்லுங்க.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். முகத்தை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். இரத்தத்தில் இருக்கிறது, கூடுதலாகத்தான் இருக்கிறது என்று சொன்னார். கதிரையிலிருந்து இறங்கி என்னோடு தரையில் உட்கார்ந்துகொண்டார். அவர் என் கையைப் பிடித்ததும் அன்றைக்குத்தான்.

“பயப்படுங்க” என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. பால் கொடுக்க வேண்டும், கீரை கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றோடு விளையாட விடக்கூடாது, நகத்தை வளர விடக்கூடாது, தரையை நாளாந்தம் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், திரும்பவும் திரும்பவும் இரத்தம் பார்க்க வேண்டும் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் தலையாட்டினேன். அவர் போனதும் எழும்பி வாளியில் தண்ணீர் எடுத்தேன்.

திட்டம் முடிந்ததும் அவர் வருவது நின்றுவிட்டது. எங்கே இருக்கிறார் என்று தெரியாது. இரத்தத்தில் இருந்தது வருடக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கியது. இறங்குவதற்குள் என்ன செய்துவிட்டுப் போனது என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியவில்லை. மகள் இப்போது பெரிய வகுப்பில் படிக்கிறாள். கணக்கில் தடுமாறுவாள், அது எத்தனையோ பிள்ளைகள் தடுமாறுவதுதான் என்று டீச்சர் சொல்கிறார், பயப்பட வேண்டாம் என்கிறார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வருவேன்.

நேற்றும் அவள் முற்றத்தில் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியிலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் திரும்பினாள்.

“என்னத்துக்கு உம்மா சும்மா சும்மா கூப்பிடுறீங்க?”

ஒன்றுமில்லை மகள் என்றேன்.